பழைய லேப்டாப்பில் விண்டோஸ் 11: என்டிலைட்டா, டைனி11-ஆ, ரூஃபஸா?

விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடித்துக்கொண்டது. நீட்டிப்புத் திட்டத்தில் பதிந்த வீட்டுப் பயனர்களுக்கும் பாதுகாப்பு அப்டேட் 2026 அக்டோபர் 13 வரைதான். அதனால் கோலாலம்பூரில் செந்தூல், பிரிக்பீல்ட்ஸ் பக்கம் என்னிடம் லேப்டாப்பைக் கொண்டுவருகிறவர்கள் கேட்பது இப்போது ஒன்றுதான்: விண்டோஸ் 11 ஏறுமா, ஏறினால் ஓடுமா? பெரும்பாலும் 4 ஜிபி ரேம், சுழலும் ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 11 கேட்கும் பாதுகாப்புச் சிப்பான டிபிஎம் 2.0 கிடையாது. அதே லேப்டாப்பில்தான் பிள்ளை கல்வி அமைச்சின் இணையக் கற்றல் தளமான டெலிமாவில் பாடம் செய்ய வேண்டும், அம்மா வருமான வரி பாரம் நிரப்ப வேண்டும்.

விண்டோஸ் இன்ஸ்டாலரிலிருந்தே வேண்டாததைக் கழித்துவிட்டு நிறுவ இலவசக் கருவிகள் பல இருக்கின்றன. அவற்றை நான் இரண்டே கேள்விகளால் எடை போடுகிறேன். நிறுவிய பிறகு பாதுகாப்பு அப்டேட் ஒழுங்காக வருமா? எடுத்ததை நாளைக்குத் தேவைப்பட்டால் திரும்பப் போட முடியுமா? எத்தனை ஜிபி மிச்சம் என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

நுணுக்கமாகப் பொறுக்கி எடுக்க வேண்டும் என்றால் என்டிலைட். எக்ஸ்பி காலத்தில் பெயர் வாங்கிய என்லைட், விஸ்டாவுக்கு வந்த விலைட், இரண்டையும் எழுதியவரே இதையும் எழுதியிருக்கிறார். மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து இறக்கிய ஐஎஸ்ஓ-வை, அதாவது இன்ஸ்டாலர் முழுவதும் அடங்கிய ஒற்றைக் கோப்பை, ஒரு ஃபோல்டரில் பிரித்து இதில் திறந்தால், உள்ளே இருக்கும் ஹோம், புரோ பதிப்புகள் தெரியும். ஒன்றை லோட் செய்ததும் அதன் பாகங்கள் வகை வகையாக விரியும். டிக்கை எடுத்தால் அந்தப் பாகம் போய்விடும். இதன் பெரிய பலம் கம்பேட்டிபிலிட்டி பகுதி. பிரிண்டர் வேண்டும், வைஃபை வேண்டும், விண்டோஸ் அப்டேட் வேண்டும் என்று அங்கே முதலில் குறித்துவிட்டால், அவற்றுக்குத் தேவையான பாகங்களில் கை வைக்க விடாது. எது எதை நம்பி ஓடுகிறது என்பது நமக்குத் தெரியாத இடத்தில் இது காப்பாற்றுகிறது.

தமிழில் தட்டச்சு செய்கிறவர்கள் இதில் ஓர் இடத்தில் நின்று நிதானிக்க வேண்டும். மொழிகள், விசைப்பலகைகள் என்று தனிப் பகுதி வரும். ஆங்கிலம் மட்டும் போதும் என்று மற்றதையெல்லாம் கழிக்கச் சொல்லும் வழிகாட்டிகள் நிறைய உண்டு. அப்படிக் கழித்தால் விண்டோஸோடு வரும் தமிழ் 99, அஞ்சல் விசைப்பலகைகளும் சேர்ந்து போகும். முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் பிறந்த நாடு இது. அந்த முறையில் பழகிய விரல்கள் இங்கே ஏராளம். அந்தப் பகுதியைத் தொடவே வேண்டாம். அங்கே மிச்சமாகும் இடம் அற்பம்.

இன்னொன்று: என்டிலைட்டின் இலவச உரிமம் சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டுமே, சில வசதிகள் கட்டணப் பதிப்பில்தான் திறக்கும். காசு வாங்கிக்கொண்டு செய்துதரும் கடைகளும் டியூஷன் சென்டர்களும் உரிமம் வாங்கித்தான் ஆக வேண்டும்.

டைனி11 பில்டர் வேறு ரகம். இது ஒரு பவர்ஷெல் ஸ்கிரிப்ட், அதாவது விண்டோஸ் வரிசையாக ஓட்டும் கட்டளைகள் எழுதிய கோப்பு. ஐஎஸ்ஓ எந்த டிரைவில் இருக்கிறது, எந்தப் பதிப்பு என்று கேட்கும். பிறகு மைக்ரோசாஃப்ட்டின் சொந்தக் கருவியான டிஸ்ம்மை வைத்துத் தானே வெட்டிப் புது ஐஎஸ்ஓ கட்டிக் கொடுக்கும். கிளிப்சாம்ப், செய்தி, வானிலை, எக்ஸ்பாக்ஸ், சாலிட்டேர், ஒன்டிரைவ், எட்ஜ் எல்லாம் போய்விடும். டிபிஎம் சோதனையும் தாண்டிப்போகும், அப்டேட்டும் வரும். அவசரத்துக்கு நல்ல வழி. ஆனால் எட்ஜ் போவதால் நிறுவி முடித்ததும் கையில் பிரவுசரே இருக்காது. குரோம் அல்லது ஃபயர்ஃபாக்ஸின் முழு இன்ஸ்டாலரை பென்டிரைவில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அதே இடத்தில் கிடைக்கும் டைனி11 கோர் ஸ்கிரிப்டை மட்டும் குடும்ப லேப்டாப் பக்கமே கொண்டுவரக் கூடாது. அது விண்டோஸ் அப்டேட்டையும் விண்டோஸின் வைரஸ் தடுப்பான டிஃபெண்டரையும் முடக்கி, பாகங்களைத் திரும்பப் போட உதவும் வின்எஸ்எக்ஸ்எஸ் சேமிப்பை அகற்றுகிறது. பிறகு அப்டேட் கிடையாது, மொழி சேர்க்க முடியாது. சோதனைக்காக ஓட்டுவதற்கென்றே செய்தது அது; எழுதியவரே தினசரிப் பயன்பாட்டுக்கு வேண்டாம் என்கிறார். செகண்ட் ஹேண்டில் வாங்கிய லேப்டாப் ஒன்றை ஓர் அக்கா கொண்டுவந்து, “தம்பி, வாங்கினதிலிருந்து இதுல அப்டேட்டே வரமாட்டேங்குது, ஏன்?” என்று கேட்டார். திறந்து பார்த்தால் அப்டேட் சேவையே இல்லை, டிஃபெண்டரும் இல்லை. அதில்தான் வங்கிக் கணக்கு பார்த்துக்கொண்டிருந்தார். விற்ற கடை ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். யாரோ வெட்டி வைத்த ஆயத்த ஐஎஸ்ஓ-வை இறக்கிப் போடுவதிலும் இதே ஆபத்துதான்: உள்ளே எதை எடுத்தார்கள், எதைச் சேர்த்தார்கள் என்று பார்க்க வழியில்லை.

எம்எஸ்எம்ஜி டூல்கிட்டும் இலவசம்தான். கறுப்புத் திரையில் எண் அழுத்தி எண் அழுத்திப் போக வேண்டும். பழகியவர்களுக்குச் சரி, மற்றவர்களுக்கு என்டிலைட்டே மேல்.

நான் அதிகம் கையாள்வது எதையுமே வெட்டாத வழி. மாற்றம் செய்யாத ஐஎஸ்ஓ-வை ரூஃபஸ் என்ற இலவசக் கருவி கொண்டு பென்டிரைவில் எழுதும்போது, டிபிஎம், ரேம் சோதனைகளையும் மைக்ரோசாஃப்ட் கணக்குக் கட்டாயத்தையும் விலக்கவா என்று அதுவே கேட்கும். தேவையற்ற ஆப்களை நீக்க ஆட்டோஅன்அட்டெண்ட் என்ற எக்ஸ்எம்எல் கோப்பு இருக்கிறது: செட்டப் என்ன செய்ய வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வைக்கும் கோப்பு அது. பென்டிரைவில் எந்த ஃபோல்டருக்குள்ளும் போடாமல் நேராக அதை வைத்தால் விண்டோஸ் செட்டப் தானே படித்து நடந்துகொள்ளும். இது மைக்ரோசாஃப்ட்டே வைத்திருக்கும் முறை. நீக்கிய ஆப்களை ஸ்டோரிலிருந்து திரும்ப எடுக்கலாம், அடிப்படைப் பாகம் ஒன்றும் உடையாது. ஒன்றைக் கவனியுங்கள்: ரூஃபஸும் பெரும்பாலும் இதே மாதிரிக் கோப்பு மூலமாகத்தான் இந்த விலக்குகளைச் செய்கிறது. அதனால் நம் கோப்பை வைக்கும்போது ரூஃபஸ் கேட்பதற்கெல்லாம் வேண்டாம் என்று சொல்லி, அந்த விலக்குகளையும் நம் கோப்பிலேயே எழுதிவிட வேண்டும்.

ஆகவே பள்ளிப் பிள்ளைக்கும் வீட்டுக்கும் மாற்றாத ஐஎஸ்ஓ-வும் ஆட்டோஅன்அட்டெண்ட் கோப்பும். டிஸ்க் மிகச் சிறியது என்றால் டைனி11 பில்டர், கோர் அல்ல. ஒரே மாதிரிப் பல கணினிகளை நிதானமாகத் தயார் செய்ய நேரமிருந்தால் என்டிலைட்.

எந்தக் கருவிக்கும் தாண்ட முடியாத சுவர் ஒன்று உண்டு. 2024-இல் வந்த 24எச்2 பதிப்பு முதல், ப்ராசசரில் எஸ்எஸ்இ 4.2 என்ற கட்டளைத் தொகுப்பு இல்லையென்றால் விண்டோஸ் 11 பூட்டே ஆகாது. கோர் 2 டுயோ காலத்து லேப்டாப்பை வைத்து மல்லுக்கட்ட வேண்டாம். அதைவிடப் புதியது என்றால், முதல் செலவை எஸ்எஸ்டிக்குச் செய்யுங்கள். கணினிக் கடைகள் நிறைந்த லோயாட் பிளாசாவில் மேலும் கீழும் நடந்து விலை கேட்டு வாங்கி மாட்டினால் வரும் வேகத்தை எந்த வெட்டும் தராது. கழற்றிய பழைய டிஸ்க்கை உடனே ஃபார்மேட் செய்துவிடாதீர்கள், அதிலிருக்கும் படங்களையும் கோப்புகளையும் முதலில் எடுத்து வையுங்கள்.