தென்னை மட்டை அரைக்கும் மிஷின்: மூன்று வருஷம், நாலு ஜோடி பெல்ட்

ஆனைமலையிலிருந்து மச்சான் போன் செய்தார். "மாப்பிள்ளை, உங்க மட்டை மிஷின் எப்படிங்க ஓடுது? விலை குறைச்சிருக்காங்களாம், ஒண்ணு வாங்கிப் போடலாமா?" வாயால் சொன்னால் கெட்ட வார்த்தை கலந்துவிடும், அதனால் எழுதுகிறேன்.

கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டி மீனாட்சிபுரத்துப் பக்கம் எங்கள் தோப்பு. 200 மரம். மரத்துக்கு மாசம் ஒரு மட்டை என்றாலும் வருஷத்துக்கு 2,400 மட்டை. முன்பெல்லாம் குவித்து எரித்தோம். இப்போது தூளாக்கி வட்டப்பாத்தியில் போடுகிறோம். அந்தத் தூளைக் கிளறினால் சித்திரையிலும் அடியில் ஈரம் இருக்கிறது, மண்புழு நெளிகிறது. இதில் மிஷினைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

என் கோபமெல்லாம் என்ஜினை ஸ்டார்ட் செய்ய இழுக்கும் அந்தக் கயிற்றின் மேல்தான். 7 எச்பி பெட்ரோல் என்ஜின், அதிலிருந்து பிளேடு உருளைக்கு இரண்டு பி பெல்ட் (பி சைஸ் வி பெல்ட்). நடுவில் கிளட்ச் கிடையாது. கயிற்றை இழுத்தால் என்ஜினோடு சேர்த்து அந்தக் கனத்த உருளையையும் நம் தோள்தான் சுற்ற வேண்டும். பெல்ட்டைக் கொஞ்சம் தளர்த்தினால் இரண்டாவது இழுப்பில் ஸ்டார்ட் ஆகிறது என்று தோப்பில் வேலை செய்யும் பையன் கண்டுபிடித்தான். நானும் கெட்டிக்காரன் என்று தட்டிக் கொடுத்தேன். மட்டையின் தடித்த அடிப்பக்கம் உள்ளே போனதும் தளர்ந்த பெல்ட் வழுக்கும், ரப்பர் கருகும் நாற்றம் வரும். பெல்ட்டின் பக்கவாட்டுகள் கண்ணாடி மாதிரி பளபளத்துவிட்டால் அப்புறம் எவ்வளவு இறுக்கினாலும் பிடிக்காது. முதல் ஜோடி அப்படித்தான் போனது.

இரண்டாவது ஜோடி என் கஞ்சத்தனத்தால் போனது. ஒன்றுதான் அறுந்தது என்று ஒன்றை மட்டும் மாற்றினேன். பழையது நீண்டிருந்ததால் பாரம் முழுக்கப் புதியதன் தலையில் விழுந்தது. மூன்றாவதுக்குக் காரணம் பெல்ட் ஓடும் சக்கரமான புல்லி. பள்ளம் தேய்ந்து பெல்ட் அடியில் உட்கார்ந்துவிட்டது. வி பெல்ட் பக்கவாட்டில்தான் பிடிக்கும், அடியில் பட்டால் வழுக்கத்தான் செய்யும். பெல்ட் கடைக்காரர் என்ஜினைக் குறை சொன்னார், என்ஜின் மெக்கானிக் பெல்ட்டைக் குறை சொன்னார். பிளேடைத் திருப்பிப் பார்க்க இருவருக்கும் தோன்றவில்லை. கரையான் மண் ஒட்டிய மட்டையாகப் போட்டு முனை மழுங்கியிருந்தது, அந்தப் பாரமும் பெல்ட் மேல்தான். தூளுக்குப் பதில் நார் நாராக வந்தால் பிளேடைத் தீட்டும் நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம். (பிளக் வயரைக் கழற்றாமல் பிளேடில் கை வைக்காதீர்கள்.)

கடைசியில் கொழிஞ்சாம்பாறை வெல்டிங் பட்டறைக்காரர் அரை நாளில் ஒரு லீவரும், பெல்ட்டை அழுத்தி இறுக்கும் ஜாக்கி புல்லியும் பொருத்திக் கொடுத்தார். லீவரைத் தளர்த்திவிட்டு ஸ்டார்ட் செய்து, என்ஜின் சூடேறியதும் மெல்ல இறுக்குகிறோம். நாலாவது ஜோடி ஒரு வருஷத்தைத் தாண்டிவிட்டது. புது பெல்ட் முதல் நாளிலேயே சற்று நீளும், அன்று சாயங்காலமே ஒருமுறை இறுக்கிவிடுங்கள். மிஷின் செய்தவர்களுக்கு இந்த லீவர் ஏன் தோன்றவில்லை? அவர்கள் வீட்டில் யாரும் கயிறு இழுப்பதில்லை போல.

மழைக்காலம் முடிந்ததும் ஸ்டார்ட் ஆகாமல் படுத்தியது வேறு கதை. இப்போதைய பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். இரண்டு மாசம் கார்புரேட்டரிலேயே கிடந்தால் ஈரம் இழுத்து, பெட்ரோல் போகும் சின்னத் துளையான ஜெட்டை அடைத்துவிடும். இப்போது டேங்க் குழாயை மூடி, என்ஜின் தானாக அணையும்வரை ஓடவிட்டுத்தான் ஷெட்டில் வைக்கிறேன். இன்னொரு நாள் அரை மணி நேரம் இழுத்தும் ஸ்பார்க்கே வரவில்லை. மிஷின் வரப்புச் சரிவில் நின்றது, ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கியதில், ஆயில் குறைந்துவிட்டது என்று நினைத்து சென்சார் ஸ்பார்க்கைத் தடுத்திருக்கிறது. சமதளத்துக்குத் தள்ளியதும் ஒரே இழுப்பில் கிளம்பியது. பையன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வாங்காதீங்க மச்சான். வருஷத்தில் 20 நாள் வேலைக்கு இன்னொரு தோள் தேய வேண்டாம். என் மிஷினையே ஏற்றிக்கொண்டு போங்க. விற்பதாக மட்டும் இல்லை. பெல்ட் அறுந்தால் ஜோடியாக உங்கள் செலவு.