900 எம்எம் குடிநீர் லைனுக்கு ஸ்லூயிஸ் வால்வா, பட்டர்ஃபிளையா?

பெங்களூரு பீன்யா இண்டஸ்ட்ரியல் ஏரியா பக்கம் வால்வு விக்கிறவங்ககிட்ட பெரிய லைனுக்கு என்ன போடலாம்னு கேட்டா யோசிக்காம பட்டர்ஃபிளைம்பாங்க, அதையே பம்பிங் ஸ்டேஷன்ல தலை நரைச்ச ஃபிட்டர்கிட்ட கேளுங்க, "ஸ்லூயிஸ் போடுங்க சார், கழட்டி மாட்டுற வேலையே வராது"ம்பார். ஸ்லூயிஸ்னா வெட்ஜ்ங்கற தட்டு மேல இருந்து எறங்கி தண்ணிய மறிக்கிற வால்வு, பட்டர்ஃபிளைனா பைப் நடுவுல ஒரு ஷாஃப்ட்ல வட்டத் தட்டு (டிஸ்க்) திரும்பி மறிக்கிறது. ரெண்டு பேர் சொல்றதும் பாதிதான் சரி.

மொதல்ல கரண்ட் பில். பெங்களூருக்குக் காவிரித் தண்ணி டி.கே.ஹள்ளி, ஹாரோஹள்ளி, தாதகுணினு மூணு இடத்துல பம்ப் பண்ணித்தான் மேட்டுக்கு ஏறி வருது, 2024 அக்டோபர்ல ஆரம்பிச்ச அஞ்சாவது ஸ்டேஜ்ல மட்டும் நாளைக்கு 77.5 கோடி லிட்டர். இவ்ளோ தண்ணிய ஏத்தும்போது வழியில ஹெட் (மீட்டர் உயரத்துல சொல்ற தண்ணி அழுத்தம்) எங்க போனாலும் அது காசுதான். ஸ்லூயிஸ் முழுசா திறந்தா வெட்ஜ் மேல ஏறிடும், உள்ள வெறும் பைப் மாதிரிதான். பட்டர்ஃபிளைல டிஸ்க் எப்பவும் ஓட்டத்துக்கு நடுவுல நிக்கும். இந்த ரவுண்டு ஸ்லூயிஸுக்கு, ஆனா நீளமான லைன்ல பைப்போட உரசல் முன்னாடி ஒரு வால்வோட லாஸ் பெருசா தெரியாது.

அடுத்து சைஸ். ஸ்லூயிஸ்ல வெட்ஜ் ஒதுங்க மேல பானெட்ங்கற கூடு வேணும், அதனால வால்வு உக்காருற குழி (சேம்பர்) ஆழமா போகும், நம்ம ஊர்ல பல இடத்துல கொஞ்சம் தோண்டினாலே பாறை, உடைக்கிற செலவ யாரும் வால்வு கொட்டேஷன்ல சேக்கறதில்ல. அப்புறம் இன்னொரு கணக்கு: 900 எம்எம் வெட்ஜ் மேல ஒரு பக்கம் மட்டும் 10 பார் பிரஷர் நின்னா கிட்டத்தட்ட 65 டன் தள்ளுது. அத கையால திறக்க முடியாது, பைபாஸ்ங்கற சின்னப் பக்கவழிக் குழாய் போட்டு ரெண்டு பக்கமும் பிரஷர சமமாக்கிட்டுதான் வெட்ஜ ஏத்தி எறக்குற ஸ்பிண்டில தொடணும். பட்டர்ஃபிளைல ஷாஃப்டுக்கு ரெண்டு பக்கமும் டிஸ்க் இருக்கறதால தள்ளு பெரும்பாலும் தானே சமமாயிடும், சின்ன கியர் பாக்ஸ் போதும். என் கணக்குல 600க்கு மேல போனாலே இந்த ரெண்டு காரணத்துக்காக பட்டர்ஃபிளைதான்.

ஆனா மாட்டறதுக்கு முன்னாடி யார்டுல போட்டு வைக்கறப்ப தோக்குறதும் அதேதான். ரப்பர் சீட் (டிஸ்க் ஒட்டி மூடுற வளையம்) பட்டர்ஃபிளைய டிஸ்க் இறுக மூடின நிலையில மாசக்கணக்கா போட்டா ரப்பர் அப்படியே அமுங்கி பள்ளம் விழுந்துடும், அப்புறம் டெஸ்ட்ல சொட்டும். லேசா திறந்து வைக்கணும், ஆனா டிஸ்க் ஓரம் ஃபிளேஞ்ச் (போல்ட் போட்டு இணைக்கிற விளிம்பு) முகத்த தாண்டி வெளிய நீட்டக் கூடாது. மெட்டல் சீட் ஸ்லூயிஸ் நேர் எதிர், மூடித்தான் வைக்கணும், சீட்டுல மண் ஏறாது. ரெண்டையும் ஒரே தார்பாய்க்குக் கீழ ஒரே மாதிரி அடுக்குற ஸ்டோர்கீப்பர்தான் பாதி லீக்குக்குக் காரணம். எண்ட் கவர் கழட்டக் கூடாது, வெயில் படக் கூடாது, பக்கத்துல வெல்டிங் மிஷினோ மோட்டாரோ ஓடினா வர்ற ஓசோன் ரப்பர விரிசல் விட வச்சுடும். தூக்கறப்ப கியர் பாக்ஸ்லயோ ஹேண்ட்வீல்லயோ ஸ்லிங் மாட்டுறவன அங்கேயே நிறுத்துங்க, பாடியில இருக்குற லிஃப்டிங் ஐல மாட்டணும்.

மாட்டுறதுலயும் பட்டர்ஃபிளைதான் நச்சரிக்கும். ஃபிளேஞ்ச் நடுவுல எறக்கும்போது டிஸ்க் முக்கால்வாசி மூடியிருக்கணும், போல்ட இறுக்கறதுக்கு முன்னாடி மெதுவா முழுசா திறந்து பாக்கணும், ஏன்னா டிஸ்க் பைப்புக்குள்ள நீளும், உள்ள லைனிங் தடிச்சிருந்தா ஓரம் இடிக்கும். வால்வ மாட்டிட்டு ஃபிளேஞ்ச வெல்ட் பண்றது இன்னும் மோசம், சீட் வெந்துடும். ஷாஃப்ட் படுக்கையா வர்ற மாதிரி வைங்க, நின்னா கீழ் பேரிங்ல மண் சேரும். ஸ்லூயிஸுக்கு ஸ்பிண்டில் செங்குத்தா நின்னா போதும், படுக்கப் போட்டா வெட்ஜ் ஒரே கைடுல சாஞ்சு தேயும்.

ரெண்டுக்கும் பொது விதி, மெதுவா மூடணும். ஒரு மீட்டர் வேகத்துல போற தண்ணிய ஸ்டீல் பைப்ல திடீர்னு நிறுத்தினா சுமார் 100 மீட்டர் ஹெட், அதாவது 10 பார், எக்ஸ்ட்ராவா எகிறும். ஸ்லூயிஸ்ல நிறைய சுத்து இருக்கறதால அவசரப்பட்டாலும் முடியாது, பட்டர்ஃபிளைல கியர் ரேஷியோதான் காப்பாத்தும், அதனால கியர் பாக்ஸ்ல மிச்சம் பிடிக்காதீங்க.

பராமரிப்புல ஸ்லூயிஸ் நிம்மதி. ஸ்பிண்டில் வெளிய வர்ற இடமான கிளாண்ட்ல சொட்டினா நட்ட கொஞ்சம் இறுக்கினா பெரும்பாலும் நின்னுடும், பேக்கிங் தேஞ்சா மாத்தினா போச்சு. அதோட வம்பு அடியில இருக்குற பள்ளம், கல்லும் மண்ணும் தங்கி வெட்ஜ் உக்காராது, அப்ப முட்டித் திருகாம கொஞ்சம் மூடி கொஞ்சம் திறந்து ஓட்டத்துலயே அலசி விடணும். பட்டர்ஃபிளைல சீட் போனா, டிஸ்மேன்ட்லிங் ஜாயின்ட் (வால்வ வெளிய எடுக்க நீளத்த மாத்தி இடம் விடுற இணைப்பு) இல்லாத லைன்ல கழட்டறதுக்குள்ள தாவு தீந்துடும், வாங்கறப்பவே அதையும் சேத்து எழுதுங்க.

சுத்திகரிச்ச தண்ணி மெயின்னா பட்டர்ஃபிளை, அடியில மண்ண வெளியேத்துற ஸ்கவர் லைன்னா சின்ன சைஸ் ஸ்லூயிஸ், இதுல எனக்கு ரெண்டாவது யோசனை இல்ல. பிக்ங்கற சுத்தம் பண்ற கருவிய உள்ள விட்டு க்ளீன் பண்ற எண்ணெய் லைனுக்கு பட்டர்ஃபிளை பேச்சே வேண்டாம், டிஸ்க் வழிய மறிக்கும், அங்க ஃபுல் போர் (பைப் அளவுக்கே துளை உள்ள) பால் வால்வு, அத யார்டுல முழுசா திறந்து வைக்கணும். எது போட்டாலும் வருஷத்துக்கு ஒரு தடவையாவது முழுசா ஓட்டிப் பாக்கணும், முழுசா மூட எத்தன சுத்து, எந்தப் பக்கம்னு சேம்பர் சுவர்லயே பெயிண்ட் அடிச்சு வைங்க, ராத்திரி பைப் உடைஞ்சு புது ஆள் எறங்கினா அவனுக்கு அது ஒண்ணுதான் கைகொடுக்கும்.