கூகுள் பிசினஸ் புரொஃபைல்: சின்னக் கடைகளுக்கு எதில் கைகொடுக்கிறது, எங்கே காலை வாருகிறது

கூகுளிலோ மேப்ஸிலோ தேடுபவருக்குக் கடையின் பெயர், முகவரி, நேரம், ரிவ்யூ எல்லாம் காட்டும் பக்கம்தான் கூகுள் பிசினஸ் புரொஃபைல். 2014-இல் கூகுள் மை பிசினஸ் என்று வந்து, 2021 நவம்பரில் பெயர் மாறிய இந்தச் சேவைக்குக் கட்டணமே கிடையாது. "மாதம் இவ்வளவு கட்டுங்கள், முதலிடம் நிச்சயம்" என்று வரும் போன்கள் எதுவும் கூகுளிலிருந்து வருபவை அல்ல. மெஸ், டெய்லர் கடை, டூவீலர் ஒர்க்ஷாப் மாதிரியான தொழில்களுக்கு, காசு கொடுத்துப் போடும் வெப்சைட்டைவிட இதை ஒழுங்காக வைத்திருப்பதுதான் அதிகப் பலன் தரும்.

மேப்ஸில் யார் மேலே வருகிறார்கள் என்பதற்குக் கூகுள் சொல்லும் காரணங்கள் மூன்று: பொருத்தம், தூரம், பிரபலம். தூரம் நம் கையில் இல்லை. தாம்பரத்துக் கடையை அண்ணா நகரில் தேடுபவருக்கு முதல் மூன்றில் கொண்டுவருவேன் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கல்லாவில் உட்கார்ந்தபடி போனில் தேடிப் பார்த்துவிட்டு "நாமதான் ஃபர்ஸ்ட்" என்று மகிழ்வதிலும் அர்த்தமில்லை. கடைக்குள்ளிருந்து தேடினால் தூரம் பூஜ்யம், மேலே வராமல் எங்கே போகும்? மூன்று நான்கு கிலோமீட்டர் தள்ளிப் போய்த் தேடினால்தான் உண்மை தெரியும்.

பொருத்தம் என்றால் தேடுவதும் நம் தொழிலும் ஒத்துப்போவது. அதில் பெரும்பங்கு முதன்மை வகைக்கு, அதாவது இன்ன தொழில் என்று புரொஃபைலில் முதலில் குறிப்பதற்கு. முதன்மை வகை ஒன்றுதான், கூடுதலாக ஒன்பது வகைகள் வரை சேர்க்கலாம். பழைய வண்டியும் விற்கிறோமே என்று ஒர்க்ஷாப்காரர் 'மோட்டார் சைக்கிள் டீலர்' என்பதை முதன்மையாக வைத்தால், பஞ்சர், சர்வீஸ் என்று தேடுபவர்கள் கண்ணில் படுவது கடினம். 'மோட்டார் சைக்கிள் ரிப்பேர் ஷாப்' முதலில், விற்பனை கூடுதலில். இடம் இருக்கிறதே என்று ஒன்பதையும் நிரப்பத் தேவையில்லை.

அதிகம் பேர் மாட்டிக்கொள்வது பெயரில். போர்டில் 'முருகன் ஒர்க்ஷாப்' என்றிருக்க, புரொஃபைலில் 'முருகன் ஒர்க்ஷாப் பெஸ்ட் பைக் சர்வீஸ் வேளச்சேரி' என்று போடுவார்கள். கொஞ்ச நாள் மேலே ஏறவும் செய்யும், அதுதான் ஆபத்து. போட்டிக் கடைக்காரர் ஒரு புகார் தட்டினால் புரொஃபைலே முடங்கலாம். முடங்கியதும் பதற்றத்தில் புதிதாக இன்னொன்று திறப்பது இரண்டாவது தவறு. முதலில் பெயரைத் திருத்த வேண்டும், பிறகுதான் கூகுளிடம் மேல்முறையீடு. அதில் ஆதாரம் ஏற்றும் பக்கத்தைத் திறந்தபின் 60 நிமிடத்துக்குள் ஆவணங்களை ஏற்ற வேண்டும். ஆகவே ஜிஎஸ்டி சான்றிதழ், தொழில் உரிமம், இபி பில் ஆகியவற்றை முன்பே ஸ்கேன் செய்து வைத்திருங்கள். அவற்றிலுள்ள பெயரும் முகவரியும் புரொஃபைலோடு ஒத்துப்போக வேண்டும்.

கடை நிஜமாகவே இருக்கிறதா, நம்முடையதுதானா என்ற சரிபார்ப்புக்குக் கூகுள் இப்போது பெரும்பாலும் வீடியோ கேட்கிறது. குறைந்தது 30 விநாடி, வெட்டு ஒட்டு இல்லாமல், போனில் அப்போதே எடுக்க வேண்டும். தெரு, பக்கத்துக் கடைகள், நம் போர்டு, பிறகு சாவி போட்டு ஷட்டரைத் தூக்குவது, உள்ளே கருவிகள் என்ற வரிசையில் நடந்துகொண்டே எடுத்தால் போதும். இருட்டில் எடுத்தாலோ, ஃப்ளெக்ஸில் வேறு பெயர் இருந்தாலோ நிராகரிப்புதான்.

'பஸ் ஸ்டாண்ட் எதிரில்' என்ற முகவரியை மேப் சரியாகப் பிடிக்காது, இடத்தைக் காட்டும் பின் (pin) குறியைக் கையால் நகர்த்தி வாசலில் வையுங்கள். வீட்டுக்கே போய்ச் செய்யும் ஆர்.ஓ. சர்வீஸ் போன்றவர்கள் முகவரியை மறைத்து, சர்வீஸுக்குப் போகும் பகுதிகளாக 20 வரை சேர்க்கலாம். மதியம் கடை அடைத்தால் நேரத்தை இரண்டாகப் பிரித்துப் போடுங்கள். பொங்கல், தீபாவளிக்குத் தனி நேரம். 'திறந்திருக்கிறது' என்று நம்பி வந்து பூட்டைப் பார்த்தவர் போடும் ஒரு ஸ்டாரை அழிப்பது சுலபமல்ல.

ரிவ்யூவுக்குத் தள்ளுபடி கொடுப்பதும், திருப்தியானவர்களிடம் மட்டும் கேட்பதும் விதிமீறல். ஒரே நாளில் மொத்தமாக வந்தால் பல காணாமலும் போகும். பில் கொடுக்கும்போது எல்லாரிடமும் கேளுங்கள், வாரம் ஒன்றிரண்டு வந்தாலே போதும்.

குறை என்றால், வசதிகளைத் திடீரென்று பிடுங்கிக்கொள்வது. இதில் இலவசமாகக் கிடைத்த வெப்சைட் 2024 மார்ச்சில் மூடப்பட்டது, உள்ளேயிருந்த, வாடிக்கையாளரோடு பேசும் சாட் அதே ஆண்டு ஜூலையில் நின்றது. விசிட்டிங் கார்டில் அந்த வெப்சைட் முகவரியை அச்சடித்தவர்கள்பாடு திண்டாட்டம். சொந்த டொமைன் (நம் பெயரிலேயே ஒரு வெப்சைட் முகவரி) ஒன்று வாங்கி வைப்பது நல்லது.

விளம்பர ஏஜென்சியிடம் கொடுப்பதானால் கடையின் ஜிமெயில்தான் முதன்மை உரிமையாளராக இருக்க வேண்டும், அவர்களுக்கு மேனேஜர் அனுமதி மட்டும். புரொஃபைல் ஏற்கெனவே அவர்கள் பெயரில் இருந்தால் உரிமை கோரி விண்ணப்பிக்கலாம். பதில் சொல்ல அவர்களுக்கு மூன்று நாள் அவகாசம்.