மனநலச் செயலி: மூதூர்ப் பிள்ளைகளைக் கேட்காமல் செய்தது

இளைஞர்களுக்கென்று வந்திருக்கும் ஒரு மனநலச் செயலியை எங்கள் திருகோணமலை இளைஞர் குழுவில் பாவித்துப் பார்த்தோம். பார்க்க வடிவாக இருக்கிறது, 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு ஒரே தட்டில் அழைப்பு போகிறது, அது உண்மையில் நல்ல விஷயம்.

ஆனால் மூதூர்ப் பக்கம் பல வீடுகளில் தாய்க்கும் அண்ணனுக்கும் தங்கச்சிக்கும் சேர்த்து ஒரே போன்தான். இரவு எட்டு மணிக்கு, பூட்டிய திரையிலேயே 'இன்றும் அழுகை வந்ததா?' என்று செய்தி வந்து நிற்கிறது. ஒரு வீட்டில் அதை அண்ணன் வாசித்துவிட்டான், செயலியைப் பாவித்த தங்கச்சி அன்றைக்கே செயலியை அழித்துவிட்டாள். கவலைக்கான காரணங்களில் பரீட்சை, காதல், வேலை எல்லாம் இருக்கிறது, 2006இல் போரால் பக்கத்துச் சம்பூரை விட்டு இடம்பெயர்ந்த குடும்பத்துப் பிள்ளை தொடுவதற்கு ஒன்றுமே இல்லை.

செய்து முடித்த பிறகு கூப்பிட்டு, தேநீர் கொடுத்து அபிப்பிராயம் கேட்பது போதாது. செயலியின் முதல் வரைவிலேயே இந்தப் பிள்ளைகளை உட்கார வையுங்கள், பஸ் காசோடு அன்றைய கூலியையும் கொடுங்கள், அப்புறம் அவர்கள் சொன்னதில் எதை மாற்றினீர்கள், எதை ஏன் மாற்றவில்லை என்று திரும்ப வந்து சொல்லுங்கள். இப்போதைக்கு ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம்.