யோக்கா, டின்னா: ரெகுலேட்டரைச் சிலிண்டரில் பூட்டும் இரு முறைகள்

ஸ்கூபா டைவிங்கில், சிலிண்டர் காற்றை மூச்சுக்கேற்ற அழுத்தத்தில் தரும் கருவி ரெகுலேட்டர். அதைச் சிலிண்டரில் பூட்ட யோக், டின் என இரு வழிகள். யோக் என்பது சிலிண்டர் வால்வைச் சுற்றி மாட்டி, பின்னாலுள்ள திருகால் இறுக்கும் கவ்வி. டின் ரெகுலேட்டரோ வால்வுக்குள்ளேயே மரையில் திருகி உட்காரும். காற்று கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங் எங்கே இருக்கிறது என்பதில்தான் விஷயமே.

யோக்கில் அது சிலிண்டர் வால்வின் முகத்தில் இருக்கும். வாடகைச் சிலிண்டர் என்றால், யாரோ பராமரித்த ஓ-ரிங்கை நம்பித்தான் இறங்குகிறீர்கள். விரல் நுனியால் மெல்லத் தடவுங்கள். வெடிப்போ, தட்டையான இடமோ, மணலோ தட்டுப்பட்டால் உடனே மாற்றுங்கள். கவ்வி எதிலாவது பலமாக இடித்தால் பிடி விலகி, ஓ-ரிங் பிதுங்கி, காற்று பீறிட்டு வெளியேறும். டின்னில் ஓ-ரிங் உங்கள் ரெகுலேட்டரிலேயே இருக்கும். பூட்டியபின் சுற்றிலும் உலோகம் அணைத்துக்கொள்வதால் பிதுங்குவது மிக அரிது. மூழ்கிய கப்பல், குகை என்று தலைக்குமேல் கூரை உள்ள இடங்களுக்கு டின்தான், இதில் தயக்கமே வேண்டாம்.

அழுத்தத்தில் யோக் 232 பார் வரை. டின்னில் 232 பாருக்கு 5 மரை, 300 பாருக்கு 7.

டின்னின் குறை: மரை நசுங்கினாலோ மணல் புகுந்தாலோ ஏறாது. கழற்றியதும் மூடி போடுங்கள். யோக் வால்வில் மாட்ட அடாப்டர் வேண்டும். அது ரெகுலேட்டரைத் தலைப்பக்கம் தள்ளும், பின்மண்டையில் இடிக்கும்.

இரண்டுக்கும் கையிறுக்கமே போதும். கழற்றும்போது வால்வை மூடி, மிச்சக் காற்றை வெளியேற்றும் பர்ஜ் பட்டனை அழுத்துங்கள், அழுத்தமானி 0 காட்டட்டும். திருகு அசையவில்லையா? உள்ளே அழுத்தம் மிச்சமிருக்கலாம். குறடைத் தொடாமல் மறுபடி பர்ஜ் செய்யுங்கள்.