களத்தில் தோனி, வெளியே தோனி: இளையோருக்கு எது பயன்?

அனுபவமிக்க வீரர் அணியில் ஆடிக்கொண்டே இளையோரை வழிநடத்துவது நல்லதா, ஆடாமல் ஆலோசகராக அமர்ந்திருப்பது நல்லதா என்பதை ஒரே மனிதரை வைத்து ஒப்பிட மகேந்திர சிங் தோனி வாய்ப்பளித்திருக்கிறார்.

2023 ஐபிஎல் தொடரில் இலங்கையின் இளம் வேகப்பந்து வீச்சாளர் மதீஷ பத்திரன சென்னை அணிக்காக 19 விக்கெட்டுகளை வீழ்த்தினார். அவரைப் பெரும்பாலும் இறுதி ஓவர்களுக்கென்றே ஒதுக்கி வைத்ததும், சிவப்புப் பந்து ஆட்டங்களை (டெஸ்ட் போன்ற பல நாள் ஆட்டங்களை) அவர் அதிகம் ஆடக் கூடாது என்று வெளிப்படையாகவே சொன்னதும் தோனிதான். ஓடிவந்து பந்து வீசும் இளைஞனுக்கு எதிரே, ஸ்டம்புக்குப் பின்னால், அதே பந்தைக் கையுறையில் வாங்கும் மூத்தவர் நிற்கிறார்; தவறு நேர்ந்தால் அடுத்த பந்துக்கு முன்பே ஒரு சைகையில் திருத்தம் வந்துவிடும்.

2021 டி20 உலகக் கோப்பையில் அவர் இந்திய அணியின் ஆலோசகர். பாகிஸ்தானிடம் 10 விக்கெட், நியூசிலாந்திடம் 8 விக்கெட் வித்தியாசத்தில் தோற்ற இந்தியா அரையிறுதியை எட்டவில்லை. ஐந்தே ஆட்டங்களை வைத்து அவரைக் குறைசொல்வது நியாயமன்று. ஆனால் எல்லைக்கோட்டுக்கு வெளியே இருப்பவரின் சொல் இடைவேளைக்குக் காத்திருக்க வேண்டியிருக்கிறது.

எனவே பந்துவீச்சாளருக்கு, என் கணிப்பில், ஆடும் மூத்தவரே மேல். தலைமைப் பொறுப்புக்கு அப்படிச் சொல்லத் தயங்குகிறேன்: 2022 ஐபிஎல்லில் சென்னை அணிக்கு ஜடேஜா கேப்டனானபோதும் தோனி களத்திலேயே இருந்தார், எட்டு ஆட்டங்களில் ஆறு தோல்விகளுக்குப் பின் பொறுப்பு தோனியிடமே திரும்பியது.