கீழக்கரைப் பஞ்சுக்கடையும் மாடியில் கிடக்கும் ஃபோம் மெத்தையும்

இராமநாதபுரம் மாவட்டக் கடலோர ஊரான கீழக்கரையின் கடைத்தெருவை ஒட்டிய சந்து ஒன்றில் இருக்கும் அந்தப் பஞ்சுக்கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. பழைய மெத்தையைப் பிரித்து, பஞ்சை அடித்து, மறுபடியும் தைத்துத் தருவதே அங்கு முதன்மையான வேலை; புது மெத்தை விற்பனை அதற்கு அடுத்தபடிதான். கடந்த மாசி மாதத்தில் என் தாயாரின் இலவம் பஞ்சு மெத்தை ஒன்றையும், எட்டு ஆண்டுகள் பயன்படுத்திய ஃபோம் மெத்தை ஒன்றையும் சரக்கு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு அங்கே போனேன்.

உறையைப் பிரித்ததும் பஞ்சை என் கண்முன்னே எடை போட்டு, 14 கிலோ என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். பல ஆண்டு உடல் பாரத்தாலும் கடற்காற்றின் ஈரத்தாலும் பஞ்சு கட்டி கட்டியாக இறுகிப்போயிருந்தது. இரண்டு நாள் மொட்டைமாடி வெயிலில் காய்ந்த பிறகுதான் அதை இயந்திரத்தில் போட்டார்கள். முன்பு வில்லால் கொட்டிய வேலையை இப்போது மோட்டாரில் சுழலும் முள் உருளை செய்கிறது. கட்டிகளைப் பிரித்து, இழையை உதறி, தூசியைத் தனியே தள்ளிவிடுகிறது. அடித்து முடித்தபோது பதினொன்றரை கிலோ தேறியது. குறைந்த இரண்டரை கிலோவும் தூசியும் பொடிந்த இழையும்தான். போடிநாயக்கனூரிலிருந்து வந்த புதுப் பஞ்சு மூன்று கிலோ சேர்த்து, புது உறையில் திணித்து, பஞ்சு ஒரு பக்கமாக ஒதுங்காதபடி கோணி ஊசியால் நெருக்கமாக முடிச்சுப் போட்டுக் கொடுத்தார்கள். துணி, பஞ்சு, கூலி எல்லாம் சேர்த்து 2,300 ரூபாய் ஆயிற்று. நான்கு மாதம் படுத்த பிறகும் நடுவில் பள்ளம் விழவில்லை என்பதைப் பொறுப்புடன் சொல்கிறேன்.

குறைகளும் உண்டு. நான்கு நாளில் தருவதாகச் சொன்னவர்கள் ஒரு வாரம் எடுத்துக்கொண்டார்கள். கேட்காமல் விட்டால் மெல்லிய உறைத்துணியைத்தான் போடுகிறார்கள். கெட்டித்துணி வேண்டுமென்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது வேறொன்று: இயந்திரத்தின் அருகில் நின்ற இருவரும் வாயில் துண்டை மட்டும் கட்டிக்கொண்டு நாள் முழுவதும் அந்தத் தூசியைச் சுவாசிக்கிறார்கள். நல்ல முகக்கவசமும் தூசியை வெளியே இழுக்கும் விசிறியும் அந்த இடத்துக்குக் கட்டாயம் தேவை.

ஃபோம் மெத்தையைக் காட்டியபோது கடைக்காரர் தலையை அசைத்தார். “ரப்பரை அடிக்க முடியாது தம்பி. பஞ்சுன்னா எத்தனை பழசானாலும் கொண்டாங்க” என்றார். அது அவருடைய குறையன்று. பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக்கால் ஆன ஃபோமை உதறிப் புதுப்பிக்க வழியில்லை. அதைத் தனியே பிரித்து, துண்டாக்கி, வேறு பொருளாக மாற்றும் ஆலைக்கு அனுப்ப வேண்டும். அந்த மெத்தையை விற்ற கடையிலும் கேட்டுப் பார்த்தேன். பழையதை வாங்கிக்கொண்டு புதியதற்கு விலை குறைப்பதாகச் சொன்னார்களே தவிர, வாங்கியது எங்கே போகும் என்ற கேள்விக்கு அவர்களிடம் பதில் இல்லை.

அமெரிக்காவில் கனெக்டிகட், கலிபோர்னியா, ரோட் ஐலண்ட் ஆகிய மூன்று மாநிலங்கள் பழைய மெத்தைகளைத் திரட்டி மறுசுழற்சி செய்வதற்கென 2013-இல் சட்டம் இயற்றின. ஒரிகன் மாநிலத்தில் 2025-இல் திட்டம் தொடங்கியது. புது மெத்தை வாங்கும்போது ஒரு சிறு கட்டணத்தை வசூலித்து, மெத்தைத் தொழில்துறையே அமைத்த மறுசுழற்சி மன்றம் அந்தப் பணத்தில் பழைய மெத்தைகளைத் திரட்டிப் பிரிக்கிறது. ஸ்பிரிங் கம்பி இரும்பாக உருக்கப்படுகிறது. ஃபோம் தரைவிரிப்பின் அடித்தட்டாக மாறுகிறது. மரச்சட்டம் தூளாகி, செடிகளின் அடியில் மண்மேல் பரப்பும் மூடாக்காகிறது. ஒரு மெத்தையின் பாகங்களில் 75 சதவீதத்துக்கும் மேல் இவ்வாறு மீட்கலாம் என்று அத்தொழில்துறையே கூறுகிறது. நம் நாட்டிலும் பேட்டரிக்கும் டயருக்கும் 2022-இல் உற்பத்தியாளர் பொறுப்பு விதிகள், அதாவது கழித்த பொருளை மறுசுழற்சி செய்யும் பொறுப்பைத் தயாரித்தவர்மீதே வைக்கும் விதிகள், வந்துவிட்டன. மெத்தையையும் அந்த வரிசையில் சேர்க்க வேண்டும் என்று மெத்தை நிறுவனங்களே முன்வந்து கேட்க வேண்டும். திரட்டும் இடமாக இத்தகைய பஞ்சுக்கடைகளை நியமித்து, அதற்குரிய கூலியையும் அவர்களுக்குத் தர வேண்டும். மெத்தையைப் பிரிக்கத் தெரிந்த கைகளும் எடைபோடும் தராசும் அங்கே ஏற்கெனவே இருக்கின்றன.

நம் கரைக்கு இது மற்ற ஊர்களைவிட அவசரமானது. இராமேசுவரத்தில் யாத்திரிகர்களுக்காக எத்தனை விடுதிகள் இருக்கின்றன என்பதை நினைத்தால், அங்கே கழிக்கப்படும் மெத்தைகளின் அளவு புரியும். எரித்தால் ஃபோமின் புகையில் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜன் சயனைடும் கலந்திருக்கும். ஓடையோரம் போட்டாலோ வெயிலில் நொறுங்கி, மழைநீரோடு கடலில் சேர்ந்து, துகள் துகளாக மிதக்கும். பாம்பனிலிருந்து தூத்துக்குடி வரை 21 தீவுகளைக் கொண்ட மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா அந்தக் கடலில்தான் இருக்கிறது.

என் ஃபோம் மெத்தையை நான் எங்கும் வீசவில்லை. தார்ப்பாயில் சுற்றி மாடியில் வைத்திருக்கிறேன். பஞ்சு மெத்தை வைத்திருப்பவர்கள் புரட்டாசிக்குள் கொடுத்துவிடுவது நல்லது. ஐப்பசியில் மழை பிடித்துவிட்டால் பஞ்சைக் காயவைக்க இடமின்றி, தை பிறக்கும்வரை அந்தக் கடையில் பழைய மெத்தை எடுப்பதில்லை.